அண்ணன் இல்லாதவளுக்கு ஒரு வீடு

ஊரில் யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: தங்கச்சிக்கு வந்த வீட்டைக் கெடுத்தவன் இவன் என்று. கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. கெடுத்தவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே வீட்டைத் திருப்பி வாங்கிக் கொடுத்தவனும் நான்தானே? அதை எவனும் சொல்ல மாட்டான். எப்படி வாங்கிக் கொடுத்தான் என்று யாராவது வெளியூர்க்காரர் கேட்டுவிட்டால் உடனே எல்லாருக்கும் ஏதோ வேலை வந்துவிடும், எழுந்து போய்விடுவார்கள். சரி, நானே சொல்லித் தொலைக்கிறேன்.

மயிலாடும்பாறைக்குத் தெற்கே, வைகை இன்னும் காட்டாறாக ஓடுகிற இடத்தில், கரையை ஒட்டிய ஓர் ஊரில் என் தங்கையைக் கட்டிக் கொடுத்திருந்தோம். எங்கள் ஊரிலிருந்து மூன்று மைல். வெற்றிலை போட்டால் மென்று முடிப்பதற்குள் போய்விடலாம். அவள் புருஷன் மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். ஒரே ஒரு பெண் குழந்தை. என் மூத்த மகனுக்கு முறைப்பெண்.

சண்டை அந்த முறையில்தான் ஆரம்பித்தது. ஒரு காதுகுத்து வீட்டில், நாலு பேர் இருக்கும்போது, பெண் பெரியவளானதும் என் மகனுக்குத்தான் என்று நான் உரிமையோடு பேசினேன். பேச எனக்கு உரிமை இல்லையா? அவள் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவள், குழம்பு வாளியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் குடிகாரப் பயலுக்குக் குடுக்குறதுக்கு, எம்புள்ளையப் பாழுங்கெணத்துல தள்ளிருவேண்ணே" என்றாள்.

அதுவரைக்கும் என் மகன் குடிப்பது ஊருக்கு அரசல் புரசலாகத்தான் தெரியும். அன்றைக்கு ஒரு பந்தி முழுக்கத் தெரிந்துபோயிற்று. நான் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு எழுந்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் முகத்தில் நான் விழிக்கவில்லை. அவளும் என் வாசலை மிதிக்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும். அவளுக்கு என்ன குறைச்சலாகவா வந்தது? ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

ஐப்பசியில் வருஷநாட்டு மலையில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் காலையில் ஆறு கரையை விட்டு வெளியே வந்தது. அந்த ஊரில் ஆற்றோரத் தெரு முழுவதும் மண்சுவர் வீடுகள். தண்ணீர் இடுப்புக்கு வருவதற்குள் சனங்கள் மேட்டுக்கு ஏறிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் வெள்ளம் வடிந்து பார்த்தால் தெருவே இல்லை. பதினோரு வீடுகள் இருந்த இடத்தில் அடுப்புக் கற்களும் ஆட்டுரல்களும் மட்டும் சேற்றில் உட்கார்ந்திருந்தன. வீடு போனவர்கள் கோயில் மண்டபத்தில் ஒதுங்கியிருந்தார்கள்.

ஆற்றைத் தாண்ட வழி கிடைத்த அன்றே வண்டியைப் பூட்டிக்கொண்டு போனேன். போகாமல் இருந்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. என் தங்கை மண்டபத்து வாசலில் உட்கார்ந்து, நனைந்து முளைவிட்ட சோளத்தைத் துணியில் பரப்பிக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் ஒரு செம்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் மிஞ்சிய பாத்திரம் அது ஒன்றுதான்.

"வண்டியில ஏறு" என்றேன்.

"எதுக்கு?"

"எதுக்கா? மண்டபத்துலயே கெடக்கப் போறியா? வீட்டுக்கு வா. தையில பேச்சையும் முடிச்சுக்குவோம்."

"என்ன பேச்சை?"

"ஒண்ணும் தெரியாதவ மாதிரி கேக்காதத்தா. புள்ளைக்குப் பன்னெண்டு வயசாச்சு. எம்மகனுக்குன்னு உறுதி பண்ணிக்குவோம்."

அவள் சோளத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "வீட்டுக்கு வாடின்னு மட்டும் கூப்புட்டிருந்தா இந்நேரம் வண்டியில ஏறியிருப்பேண்ணே. நீ வெலை வச்சுல்ல கூப்புடுற" என்றாள். அதற்கு மேல் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் காலி வண்டியோடு திரும்பினேன். வழியெல்லாம் மாடுகளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவை என்ன செய்யும், பாவம்.

அப்புறம்தான் பெரியகுளத்துக் கனவான்கள் வந்தார்கள். அங்கே ஒரு நிவாரண சங்கம் வைத்திருந்தார்கள். மாந்தோப்புக்காரர்கள் இரண்டு மூன்று பேர், ஒரு டாக்டர், காரியதரிசியாக ஒரு வக்கீல். முன்பு வடக்கே எங்கோ பூகம்பம் வந்து சனங்கள் செத்தபோது, அங்கே வீடு கட்டிக் கொடுக்கவென்று ஆரம்பித்த சங்கம் அது. அப்போது அச்சடித்த விண்ணப்பப் பாரங்கள் கட்டுக்கட்டாக மிச்சம் இருந்தன. அதிலே 'பூகம்பத்தில்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு 'வெள்ளத்தில்' என்று எழுதி, அதையே எங்கள் பக்கத்துக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

அந்தப் பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது. ஆதரிக்கக்கூடிய தகப்பன், சகோதரன், வயது வந்த மகன் யாராவது உயிரோடு இருக்கிறார்களா? பூகம்பம் வந்த சீமையில் அது நியாயமான கேள்வியாக இருந்திருக்கும். குடும்பத்தோடு மண்ணில் புதைந்தவர்கள் அவர்கள். எங்கள் வெள்ளம் சுவர்களை மட்டும்தான் தின்றது. அண்ணன் தம்பிகளை எல்லாம் பத்திரமாகக் கரையில் விட்டுவிட்டுப் போயிருந்தது. ஆனாலும் கேள்வி அச்சில் இருக்கிறதே! இல்லை என்று சொல்கிற பெண்களுக்கு மட்டும் மேட்டில் வீடு, கல் அஸ்திவாரம், ஓட்டுக் கூரை என்று அறிவித்தார்கள். மொத்தம் ஆறு வீடுகள். ஆறு பெண்கள் "இல்லை" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார்கள். அந்த ஆறு பேரில் நாலு பேருக்காவது எங்கேயாவது ஓர் அண்ணனோ தம்பியோ இருந்தான். ஊர் நாட்டாமைக்கும் தெரியும். எல்லாரும் கமுக்கமாக இருந்தார்கள். சொன்னால் ஆறும் போய்விடும் என்று ஊருக்கே புத்தி இருந்தது.

எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. என்னிடம் யார் சொல்லுவார்கள்? என் காதுக்கு வந்தது இவ்வளவுதான்: என் தங்கைக்குத் தர்மத்தில் வீடு கட்டுகிறார்கள்.

காப்பிக் கடையில் ஒருவன் கேட்டான். "என்னய்யா, உம்ம தங்கச்சிக்குப் பெரியகுளத்துக்காரக வீடு கட்டித் தாறாகளாம்ல. நீரு ஒரு கோழிக்கூடாவது கட்டிக் குடும்."

வீட்டுக்கு வந்தால் என் பெண்டாட்டி. அவளுக்கும் என் தங்கைக்கும் எந்தக் காலத்திலும் ஆகாது. ஆனாலும் சொன்னாள்: "நீங்க மீசைய முறுக்கிக்கிட்டு இங்கனயே உக்காந்திருங்க. அங்கன ஊரான் வந்து உங்க தங்கச்சிக்குக் கூரை போடுறான்."

எட்டுக் குறுக்கம் தோட்டம், வற்றாத கிணறு, இரண்டு ஜோடி மாடு வைத்திருக்கிறவனின் தங்கை, அநாதைப் பட்டியலில் நிற்கிறாள். அவள் வேண்டுமென்றேதான் செய்கிறாள், என்னைக் கேவலப்படுத்தத்தான் செய்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. எல்லாம் என்னைப் பற்றித்தான் என்று நினைக்கிற ஜன்மம் நான்.

எங்கள் பக்கம் ஒரு பெண் குடிபோகிற வீட்டுக்கு வாசல் நிலை வைக்கிற நாளில் பிறந்த வீட்டுச் சீர் வந்தாக வேண்டும். அது வராவிட்டால் அந்தப் பெண்ணுக்குக் கேட்க நாதியில்லை என்று அர்த்தம். சரி, சீர் கொண்டுபோகிறேன், எப்பேர்ப்பட்ட சீர் என்று ஊரே வாயைப் பிளக்கட்டும் என்று முடிவு பண்ணினேன். என் வீட்டை எடுத்துக் கட்டும்போது வைக்கலாம் என்று இரண்டு வருஷமாக உலர்த்தி வைத்திருந்த வேப்ப மரத்தை ஆசாரியிடம் கொடுத்து ஒரு நிலையே செய்யச் சொன்னேன். மேல்சட்டத்தில் தாமரைப்பூ செதுக்கச் சொன்னேன். அதோடு நெல், தேங்காய், பழம், புதுப்பானை, அவளுக்கு ஒரு வெள்ளைச் சேலை, மகளுக்குப் பாவாடை. போதாதென்று இரண்டு கொட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக்கொண்டேன். பாசத்தில் கொண்டுபோனேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஊர் வாயை அடைக்கத்தான் கொண்டுபோனேன்.

நிலை வைக்கிற அன்று மேட்டில் நல்ல கூட்டம். ஆறு வீடுகளுக்கும் சுவர் முழங்கால் உயரம் எழும்பியிருந்தது. எங்கள் கொட்டுச் சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டபோதே என் தங்கைக்குப் புரிந்திருக்க வேண்டும். மேட்டிலிருந்து ஓடி வந்தாள். தலைச்சேலை நழுவியது கூடத் தெரியாமல், தூரத்திலேயே கையை வீசி, போ, போ என்று சைகை காட்டினாள்.

அடேயப்பா, இன்னுமா திமிர் அடங்கவில்லை என்று நினைத்தேன். "ஏலே, நல்லா அடிங்கடா!" என்று கொட்டுக்காரர்களை முடுக்கிவிட்டேன்.

வண்டி மேடேறி நின்றது. குடையும் மூக்குக்கண்ணாடியுமாக வக்கீல் வந்தார். நிலையைப் பார்த்தார், சீர்த்தட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இவர் யார்?" என்று கூட்டத்தைக் கேட்டார்.

நாட்டாமை என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அந்தக் கண்சாடை எனக்கு எதற்கு? நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"நான் யாரா? கூடப் பெறந்த அண்ணன்யா! எட்டுக் குறுக்கம் தோட்டமும் கெணறும் வச்சிருக்கிற அண்ணன்! எந்தங்கச்சி ஒண்ணும் நாதியத்தவ இல்ல, தெரிஞ்சுக்கோங்க!"

வக்கீல் காகிதக் கட்டை அவிழ்த்து ஒரு பாரத்தை உருவினார். "சகோதரன் இல்லை என்று இதில் எழுதியிருக்கிறதே" என்றார். என் தங்கையைப் பார்த்து, "பொய் சொன்னீங்களாம்மா?" என்றார். மற்ற ஐந்து பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்கு விஷயம் என்னவென்று ஒருவர் காதோடு சொன்னார்.

அந்த இடத்திலாவது நான் வாயை மூடியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். "ஐயா, வெளையாட்டுக்குச் சொன்னேன்" என்று இளித்திருக்கலாம். வக்கீல், இந்த வீடு பட்டியலில் அடுத்திருக்கிற ஏழைக்குப் போகும், பொய் சொல்லித் தர்மத்தை வாங்குவது பாவம் என்று பிரசங்கம் ஆரம்பித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது.

"யாருக்குய்யா வேணும் உங்க வீடு? எந்தங்கச்சிய நான் பாத்துக்குவேன்!"

"அதைத்தான் நாங்களும் சொல்கிறோம்" என்றார் அவர். பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

என் தங்கை தட்டிலிருந்த வெள்ளைச் சேலையை எடுத்தாள். என் மாட்டின் கொம்பில் அதைச் சுற்றிப் போட்டுவிட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டபத்துப் பக்கம் நடந்தாள். கொட்டுக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் வண்டியைத் திருப்பினேன். தாமரைப்பூ நிலை மாட்டுத்தொழுவத்துச் சுவரில் சாய்ந்து கிடந்தது.

ஐந்தாறு நாள் கழித்து, உச்சி வெயிலில், அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தனியாக வந்திருந்தாள். என் பெண்டாட்டி செம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாள். வாங்கவில்லை. உள்ளே வா என்றதற்கும் அசையவில்லை.

"நீ செத்துப்போயிருந்தா எனக்கு வீடு கெடச்சிருக்கும்" என்றாள்.

என் பெண்டாட்டி "யாத்தே!" என்று வாயில் கை வைத்தாள்.

"கத்தணும்னு வரல. மண்டபத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாக. கோயில் கொடைத் திருவிழா வருதாம். வயசுக்கு வரப்போற புள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்கன போவேன்? கதவுன்னு ஒண்ணு இல்லாம, போறவன் வாறவன் எல்லாம் எட்டிப் பாக்குற எடத்துல இத்தன நாளு அவளை மடியில போட்டுக்கிட்டுக் கண்ணசராம கெடந்துட்டேன். இனிமே முடியாது. செவ்வாக்கெழமை அவுக வாறாக. என் வீட்ட வேற ஆளுக்கு எழுதப் போறாக. நீ வந்து சொல்லு."

"என்னன்னு?"

"எனக்கும் இவளுக்கும் ஒண்ணுமில்லேன்னு சொல்லு. தலை முழுகிட்டேன்னு சொல்லு."

"ஏன், இங்கன வந்து இருந்தா என்ன கேடு?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எதற்காகவோ காத்திருந்தாள். எதற்கு என்று எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணப் பேச்சே வேண்டாம், சும்மா வந்து இரு என்று ஒரு வார்த்தை. தொண்டை வரை வந்தது அந்த வார்த்தை. மகனுக்குக் கொடுக்க மாட்டேன் என்று பந்தியில் வைத்துச் சொன்னவளிடம் நான் ஏன் இறங்கிப்போக வேண்டும் என்று விழுங்கிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"எனக்கு அண்ணன் வேணாம். நாலு சுவரு வேணும்" என்று சொல்லிவிட்டு அவள் வெயிலில் இறங்கிப் போனாள்.

செவ்வாய்க்கிழமை போனேன். ஊர்ப் புளியமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் ஜமுக்காளம் விரித்து வக்கீலும் இன்னும் இரண்டு கனவான்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஊரே சுற்றி நின்றது. என் தங்கை ஓரமாக நின்றாள். மகள் மரத்து வேரில் உட்கார்ந்து மண்ணில் குச்சியால் கீறிக்கொண்டிருந்தாள்.

தயார் பண்ணிக்கொண்டு வந்ததைச் சொன்னேன். எனக்கும் இவளுக்கும் பேச்சு வார்த்தை இல்லை, ரெண்டு வருஷமாகப் போக்குவரத்து இல்லை, தலை முழுகியாயிற்று, நான் இவளுக்கு ஒரு பிடி சோறு போடப் போவதில்லை. நாட்டாமையும் ஆமாம் போட்டார்.

வக்கீல் மற்ற இருவரையும் பார்த்துச் சிரித்தார். "சண்டை போட்ட அண்ணனும் அண்ணன்தான். போன வாரம் மேளம் கொட்டிச் சீர் கொண்டுவந்தீர். இந்த வாரம் தலை முழுகிவிட்டேன் என்கிறீர். வீடு கைக்கு வந்ததும் மறுபடியும் சேர்ந்துகொள்வீர்கள். நீர் உம்ம பருத்தி மூட்டையைக் கொண்டுவந்து உள்ளே அடுக்குவீர். இந்தப் பக்கத்து ஆட்களை எங்களுக்குத் தெரியாதா?"

கனவான்களில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். பாரத்தில் என் தங்கையின் பேரை அடிக்க வக்கீல் பேனாவைத் திறந்தார். அவள் என்னைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பும், அந்தப் பேனாவும், அவள் பார்வையும் எல்லாம் சேர்ந்து என் தலைக்குள் என்னவோ அறுந்துபோயிற்று.

"அவ எங்கப்பனுக்குப் பெறந்தவளா இருந்தாத்தானய்யா நான் அண்ணன்!" என்று கத்தினேன்.

வக்கீலின் பேனா நின்றது.

"என்ன சொல்றீர்?"

சொன்னதை அங்கேயே விட்டிருக்கலாம். நான் விடுகிறவனா? "அவ வயித்துல இருந்தப்ப எங்கப்பன் ஊருலயே இல்ல. குமுளிக்கு மேல ஏலத்தோட்டத்துல இருந்தாரு. எல்லாருக்கும் தெரியும். கேட்டுப் பாருங்க. ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு இத்தன நாளு தங்கச்சின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். போதுமா? இப்ப எழுதிக்கோங்க!"

அப்பா அந்த வருஷம் ஏலமலையில் வேலை பார்த்தது நிஜம். வயதானவர்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை மலையிறங்கி வீட்டுக்கு வந்து போனார் என்பதும் அவர்களுக்கு ஞாபகம் இருந்திருக்கும். ஆனால் முதல் பாதியை ஒருவன் சத்தம் போட்டுச் சொன்ன பிறகு இரண்டாம் பாதியை யார் எடுத்துச் சொல்வார்கள்? எங்கள் ஆத்தா செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் ஒருத்தர் அவளைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. சொல்வதற்கு அவள் பெற்ற மகனே வேண்டியிருந்தது.

என் தங்கை வந்து என்னை அறைவாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வக்கீலுக்கு முகம் கறுத்துவிட்டது. சிரித்த கனவான் ஜமுக்காளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் சட்டம் படித்தவர் இல்லையா, ஒரு தரப்புப் பேச்சை மட்டும் வைத்து எழுத மாட்டார். அவள் பக்கம் திரும்பாமலே கேட்டார். "அம்மா, இவர் சொல்வது... உண்மைதானா?"

அவள் இல்லை என்றால் வீடு போயிற்று. ஆமாம் என்றால் ஆத்தா போனாள், அவள் பிறப்பே போயிற்று. அவள் மகளைப் பார்த்தாள். அந்தப் பெண் குச்சியைக் கீழே போட்டுவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வயதில் எல்லாம்தான் புரியும்.

"அவுக சொல்றது நெசந்தான்" என்றாள் என் தங்கை. தலையைக் குனியாமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

'தகப்பன் வழி ஆதரவு இல்லை' என்று வக்கீல் எழுதினார். அவள் போய்ப் பெருவிரலில் மை தொட்டுக் கைநாட்டு வைத்தாள். விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போனாள். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. எனக்கு மட்டும் யாரும் ஒதுங்கவில்லை. ஒருவன் காறித் துப்பினான். எவன் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பங்குனியில் ஆறு வீடுகளுக்கும் ஓடு வேய்ந்து முடித்தார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் சந்தைக்குப் போகிற பாதையிலிருந்து பார்த்தால் மேட்டில் வரிசையாகச் சிவப்பாகத் தெரியும். மூன்றாவது வீடு அவளுடையது. கதவு வைத்த வீடு. ஒவ்வொரு வாரமும் அதைப் பார்த்துக்கொண்டே போனேன். நான் வாங்கிக் கொடுத்த வீடு என்று சொல்லிக்கொள்வேன். சொல்லும்போதே வாய் கசக்கும்.

மகள் வயசுக்கு வந்த பிறகு அவளைப் பெண் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். இரண்டு பேரும் ஊருக்குள் விசாரித்துவிட்டுப் போய்விட்டார்கள். விசாரிக்கிற இடத்தில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், என்னைப் பற்றி இருக்கிற மிச்ச மரியாதையும் போகட்டும். யாரும் கட்ட மாட்டேன் என்றால் கடைசியில் என் மகனுக்குத்தானே கொடுத்தாக வேண்டும் என்று ஒரு நாள் எனக்குள்ளே ஓர் எண்ணம் ஓடியது. வாயை விட்டுப் பெண்டாட்டியிடம் சொல்லவும் சொன்னேன்.

அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "என்ன முறையில கேப்பீக? அத்தை மகள்னா? அதுக்கு அவ உங்களுக்குத் தங்கச்சியா இருக்கணுமே" என்றாள்.

கடைசியில் கூடலூருக்கு அப்பால் மலையாளத்து எல்லையிலிருந்து ஒரு பையன் வந்தான். அப்பன் ஆத்தா இல்லாதவன், நல்ல வேலைக்காரன், யார் பேச்சையும் காதில் வாங்காதவன். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தான். கல்யாணத்தில் தாய்மாமன் செய்ய வேண்டியதை எல்லாம் யார் செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து பொழுது சாயும்வரை கமலையில் மாட்டைப் பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. வயல் முழுக்கத் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகிப்போயிற்று.

வருஷங்கள் ஓடின. சங்கம் கலைந்துபோயிற்று. வக்கீல் ஊரை விட்டே போய்விட்டார் என்றார்கள். வீடுகளை அவரவர் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று சந்தையில் ஒருவர் சொன்னார். எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. இனி எவன் வந்து பாரத்தைக் காட்டப் போகிறான்? இனி நான் அண்ணன் என்று சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? இப்படித்தான் ஓடியது என் புத்தி. ஏதோ வீட்டுக்காகத்தான் அவள் இத்தனை நாளும் பேசாமல் இருந்தாள் போல.

மறுநாள் காலையில் மொச்சையும் ஒரு பூசணிக்காயும் துண்டில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். மேட்டுத் தெருவில் மூன்றாவது வீட்டு வாசலில் அந்தப் பெண் தன் குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சீப்பு நின்றது. அடையாளம் தெரிந்துவிட்டது. புளியமரத்து வேரில் உட்கார்ந்து பார்த்த அதே பார்வை.

"தங்கச்சி" என்று தெருவிலிருந்தே கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

அவள் உள்ளேயிருந்து வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. முகம் அப்படியே எங்கள் அப்பா முகம். வயதானபோது அவர் எப்படி இருந்தாரோ, அந்த நெற்றி, அந்த மூக்கு, அப்படியே. குருடன் கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவான். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"யாரோ வழி தெரியாம வந்துட்டாக போல. எந்த ஊருன்னு கேட்டு அனுப்பி விடு ஆத்தா" என்று மகளிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்தப் பெண் குழந்தையை இறக்கி விட்டுவிட்டு எழுந்து தெருவுக்கு வந்தாள்.

"எந்த ஊருக்குய்யா போகணும்?" என்று கேட்டாள்.

அவள் அம்மாவும் நானும் பிறந்த ஊரின் பேரைச் சொன்னேன். அவள் கையை நீட்டி வழி காட்டினாள்.